நாலு நொடி பிந்தி

"மாமா, உங்க கம்ப்யூட்டர் கடிகாரம் நாலு நொடி பின்னால ஓடுது. நீங்க கூப்பிடறது உலகத்துல ஒருத்தருக்கும் கேக்காது" என்றாள் ரய்யா, பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் பேசுகிற அதே இதமான குரலில். சூர் நகரத்தில் பாதிப் பேருக்கு அவள்தான் பல் டாக்டர். மீதிப் பேருக்குப் பல்லே கிடையாது. அமெச்சூர் ரேடியோ சங்கத்துக்கும் அவள்தான் செயலாளர்.

"தெரியும்" என்றார் கல்ஃபான்.

ரய்யாவுக்குத் தலை சுற்றியது. கல்ஃபான் லேசுப்பட்ட ஆளா? துறைமுகத்தில் நாற்பது வருஷம் நேரம் தவறாமல் சங்கு ஊதியவர். அவர் ஊதிய பிறகுதான் சூரியனே எழுந்திருக்கும் என்று ஊரில் பேச்சு.

இந்த ரேடியோவில் வாயால் பேசுவதில்லை. கம்ப்யூட்டர் கால் நிமிஷம் கீச்சிடும், அடுத்த கால் நிமிஷம் காது கொடுக்கும். இரு பக்கமும் கடிகாரம் ஒத்துப்போனால் பூமியின் மறுகோடியில் இருப்பவனும் பக்கத்து வீட்டுக்காரன். ஒத்துப்போகாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனும் மறுகோடிதான்.

அதுவும் இன்றைக்கு! தென்கடலில் பென்குயின்கள் மட்டுமே குடியிருக்கும் தீவு ஒன்றில் சிலர் போய் ஆன்டெனா நட்டிருந்தார்கள். கல்ஃபான் உலகத்தில் இன்னும் ரேடியோவால் தொடாத இடம் அது ஒன்றுதான். தாடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து காத்துக் கிடக்கிறார். நாளைக் காலையில் அவர்கள் கூடாரத்தைச் சுருட்டுகிறார்கள். அந்தத் தீவின் அலை சூருக்கு வந்து சேர்வது பொழுது சாயும் நேரத்தில் மட்டும்தான்.

"தெரிஞ்சும் ஏன் சரி பண்ணல? ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சுது."

"முடிஞ்சுதான் போகும். முபாரக்கோட சிநேகமும் சேர்த்து."

முபாரக் கழிமுகத்துக்கு அக்கரையில், அய்ஜாவில் இருப்பவர். தினமும் பொழுது சாயும் நேரத்தில் நண்பர்கள் இருவரும் ரேடியோவில் சந்தித்தாக வேண்டும். போன புயலில் இன்டர்நெட் செத்துப் போய்க் கம்ப்யூட்டர் கடிகாரங்கள் மனம்போன போக்கில் ஓடியபோது, முபாரக்தான் வழி சொன்னாராம். அவருடைய தகப்பனார் நகுதா, கப்பல் தலைவர். அவர் பாய்மரக் கப்பலில் ஆப்பிரிக்கா வரை கொண்டுபோய் வந்த கப்பல் கடிகாரம் வீட்டில் இருந்தது. அதைப் பார்த்து முபாரக் போனில் 'இப்போ' என்று சொல்ல, இங்கே இவரும் அங்கே அவரும் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்தினார்கள்.

"அன்னிக்கு சாயங்காலம் பாக்கறேன், உலகம் கேக்கல, முபாரக் மட்டும் கேக்கறான். அப்பவே புரிஞ்சுடுச்சு, அவங்கப்பா கடிகாரம் நாலு நொடி பிந்துதுன்னு. அதை அவன்கிட்ட சொல்ல முடியுமா? அந்தக் கடிகாரத்தைக் கேட்டுட்டுத்தான் அலையே கரைக்கு வரும்னு நினைச்சிட்டிருக்கான்."

அதனால், இன்டர்நெட் திரும்பி வந்து நேரத்தைத் தானே சரிசெய்தாலும், தினமும் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டுக் கடிகாரத்தைத் தம் கையாலேயே பின்னால் இழுத்து வைத்துவிடுகிறார்.

இன்றைக்கு ஒருநாள் முபாரக்கைச் சந்திக்காவிட்டால்தான் என்ன என்று கேட்டாள் ரய்யா.

"ஒருநாள் காய்ச்சல்ல வராம இருந்தேன். மஸ்கட்ல இருக்கற என் பையனுக்கு போன் போட்டு, அடக்கம் எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டான். தீவைப் பிடிக்கப் போறேன்னு சொன்னா அவனும் வருவான். எனக்குக் கேட்டு அவனுக்குக் கேக்கலைன்னா, அவங்கப்பா கடிகாரம் பொய்யின்னு ஆயிடும். பென்குயின் எங்கேயும் போகாது, விடு."

சொல்லிவிட்டாரே தவிர, கண் ஜன்னலுக்கு வெளியே ஆன்டெனாவில் நின்றது. ரய்யா யோசித்தாள். முபாரக்கின் கம்ப்யூட்டரை அவருக்கே தெரியாமல் நாலு நொடி முன்னால் தள்ளிவிட்டால்? அதே நேரத்தில் கல்ஃபான் தம்முடையதையும் சரி செய்துகொள்ளலாம். நட்பும் மிஞ்சும், தீவும் கிடைக்கும்.

கல்ஃபானின் முகம் பெருநாள் காலை மாதிரி ஆனது. "அவனுக்கு மட்டும் தெரியவே கூடாது" என்று நூறு தடவை சொல்லி, போவதற்குச் சாக்காக ஒரு தட்டு அல்வாவையும் அவளிடம் கொடுத்தார்.

தொங்கு பாலத்தைத் தாண்டி அய்ஜா போய்ச் சேர்ந்தாள். போன வாரம் அடைத்த கடைவாய்ப் பல்லைப் பார்க்க வந்ததாகச் சொல்லி, முபாரக்கை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னாள். பல் கல் மாதிரி இருந்தது. "போய் வாயைக் கொப்பளிச்சிட்டு வாங்க மாமா" என்று அவரை உள்ளே அனுப்பிவிட்டு, ஒரே தாவலில் கம்ப்யூட்டரிடம் போனாள். சரியாக நாலு நொடி பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. விரலை வைத்தாள்.

"கையை எடும்மா" என்றது முதுகுக்குப் பின்னால் குரல். துண்டால் வாயைத் துடைத்தபடி முபாரக் நின்றிருந்தார். "அது பின்னால ஓடறது எனக்குத் தெரியும்."

ரய்யா தயங்கித் தயங்கி, அவருடைய அப்பாவின் கடிகாரத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"எங்கப்பா கடிகாரம் இமைக்கிற நேரம்கூடத் தப்பினதில்ல. அன்னிக்கு 'இப்போ'ன்னு சொல்லி அழுத்தினேன். சாயங்காலம் பாத்தா உலகமே கேக்குது, கல்ஃபான் மட்டும் கேக்கல. நாலு நொடி பின்னால இழுத்தேன், வந்துட்டான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நாப்பது வருஷம் நேரத்துக்கு சங்கு ஊதினவன்கிட்ட, 'உன் விரல் பிந்திப் போச்சுடா'ன்னு எப்படிம்மா சொல்றது?"

வெளியே வெயில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. முபாரக் அவள் கொண்டுவந்த அல்வாத் தட்டையே எடுத்து அவள் கையில் திணித்தார்.

"தீவு இன்னிக்குத்தான் கடைசி. உனக்குக் கை வேகம். இதைக் குடுக்கற சாக்குல அக்கரைக்குப் போய், அவன் கடிகாரத்தை நாலு நொடி முன்னால தள்ளிட்டு வந்துடு. அவனுக்கு மட்டும் தெரியவே கூடாது."