மேட்டுக்கு ஒரு கை

கெண்டக்கி மலைகளுக்கு நடுவே அந்தத் தேவாலயக் கூடத்தில் மின்விசிறி சுழல்கிறது, வேர்வைதான் அடங்கவில்லை. போன கோடையில் வெள்ளம் கொண்டுபோன பள்ளிக்கூடத்தை எங்கே திரும்பக் கட்டுவது என்று இன்று முடிவாக வேண்டும். பழைய ஆற்றங்கரையிலா, நிலக்கரிக்காரர்கள் வெட்டிச் சமமாக்கிய மலைமேட்டிலா? பள்ளிக்கூடத்தின் ஐவர் குழு இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்தாயிற்று. மிச்சமிருப்பது ஆர்லீன் ஒருத்தி. ஜன்னல் வழியே விழும் மாலை வெயில் அவள் முன்னாலிருக்கும் தண்ணீர்க் குவளையில் மஞ்சளாக நடுங்குகிறது. மைக்கைப் பிடித்து நிற்பவன் அவளுடைய அண்ணன் டூயி, ஆற்றங்கரைக்காரன். "வீடு போச்சு, கடை போச்சு. பள்ளிக்கூடமும் மேட்டுக்குப் போயிட்டா இங்க எவன் இருப்பான்? சொல்லும்மா, நீயும் இந்தக் கரையில பொறந்தவதானே?" பின்வரிசையில் ஒருவர், "இவளுக்கு நிலக்கரிக்காரன் விருந்து வச்சிட்டான் போல!" என்கிறார். யாரும் சிரிக்கவில்லை. ஆர்லீன் குவளையைத் தள்ளி வைக்கிறாள். "அது ராத்திரி வந்த தண்ணிண்ணே," என்கிறாள். "கரும்பலகைக்கு மேல நின்னுச்சு. பகல்ல வந்திருந்தா?" அவள் மேட்டுக்குக் கை தூக்குகிறாள். கூச்சல் வெடிக்கும் என்று தோள்களை இறுக்கிக்கொள்கிறாள். கூச்சல் இல்லை. டூயி தன் இரும்பு நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, அவளைப் பார்க்காமல் வெளியே நடக்கிறான். அடுத்து அவன் மனைவி மடக்குகிறாள். பிறகு ஆற்றங்கரை ஆட்கள் ஒவ்வொருவராக. இரும்போடு இரும்பு மோதும் அந்தச் சத்தம் வரிசை வரிசையாக முன்னால் வர, ஆர்லீனின் கை இன்னும் இறங்காமல் நிற்கிறது.