கழற்றாத கோட்டு

"ஏம்ப்பா டெஸ், அழைப்பைப் படிச்சியா, இல்ல அதுல மீனைக் கட்டிட்டியா?"

கிளைவ் கேட்டதும் மேசையே சிரித்தது.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்து ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரிகள் சங்கத்தின் ஆண்டு விருந்து அது. அழைப்பில் 'ரெட் சீ ரிக்' என்று போட்டிருந்தது. அப்படியென்றால் கோட்டும் டையும் கிடையாது. அரைக்கை வெள்ளைச் சட்டை, இடுப்பில் கறுப்புப் பட்டை, அவ்வளவுதான். வெக்கைக்காகக் கப்பலில் ஏற்பட்ட வழக்கம்.

டெஸ்ஸோ கறுப்புக் கோட்டில் வேர்த்துக்கொண்டிருந்தார். கோட்டின் கை மணிக்கட்டுக்கு வரவில்லை.

பக்கத்தில் கிளைவின் தங்கை கணவர் நார்ம். ஆட்டுப் பண்ணைக்காரர், இன்றைக்கு விருந்தாளி. அவரும் கோட்டுதான். ஆனால் பழைய கேப்டன் டெஸ்ஸே கோட்டில் இருக்கும்போது விருந்தாளியை யார் கேட்கப்போகிறார்கள்?

"கழட்டுப்பா, வேர்வை சூப்புல விழுது" என்றார் கிளைவ்.

"இருக்கட்டும்" என்றார் டெஸ்.

"உள்ள சட்டை கிழிசலோ?"

டெஸ் சிரித்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்ததும் தலைவர் தேர்தல். டெஸ்ஸும் கிளைவும் போட்டி. மனைவி போன பிறகு டெஸ்ஸுக்கு இந்தச் சங்கம்தான் வீடு.

கிளைவ் எழுந்தார். "ஒரு அழைப்பையே மதிக்காத ஆளு, சங்கத்தை எங்க மதிக்கப்போறான்?"

கைகள் கிளைவுக்கு உயர்ந்தன. முதலில் வந்து கை கொடுத்தவர் டெஸ்.

"நல்லா நடத்துப்பா."

வாசலில் டெஸ் கோட்டைக் கழற்றினார். உள்ளே அரைக்கை வெள்ளைச் சட்டை. இடுப்பில் கறுப்புப் பட்டை. கோட்டை ஓட்டல் வெயிட்டரிடம் நீட்டினார்.

"நனைச்சிட்டேன் ரோமெல். மன்னிச்சுக்கோ."

அவர் போனதும், பார்த்துக்கொண்டிருந்த கிளைவ் வெயிட்டரிடம் கேட்டார். "அது உன் கோட்டா?"

"ஆமா சார். அந்த விருந்தாளி கோட்டோட வந்து, உங்க எல்லாரையும் பாத்ததும் வாசலோட திரும்பிட்டாரு. டெஸ் சார்தான் என் கோட்டை வாங்கி மாட்டிக்கிட்டுப் போயி, 'நானும் உங்க கட்சிதான், வாங்க'ன்னு கூட்டிட்டு வந்தாரு."

கிளைவ் வெளியே ஓடினார். டெஸ்ஸின் கார் போய்விட்டிருந்தது. நார்ம்தான் நின்றிருந்தார்.

"நல்ல மனுஷன், மச்சான். அந்த ரிக்னா என்னன்னு உன்கிட்ட போன்லயே கேட்டேன்ல?"

கேட்டிருந்தார். "இதுகூடத் தெரியாதவன் எதுக்கு வர்றே?" என்று போனை வைத்தவர் கிளைவ்.