ஏழாம் வாய்ப்பாடு

ஐலீன் டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. கைப்பேசியில் வகுப்பு தொடங்கி மூன்று வாரமாகியும், காஹாங் தோட்டத்து ரூபேந்திரன் ஒருநாள்கூட முகம் காட்டவில்லை. கறுப்புக் கட்டத்தில் பெயர் மட்டும் கிடந்தது.

"ரூபேன், கேமராவைத் திற. ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லு."

டீச்சர் கைப்பேசியை முகத்தருகே இழுத்துக்கொண்டாள்.

"கெஞ்சிக் கேக்கறேன்பா. போனைத் திறந்து வச்சிட்டுத் தூங்குறியா? யாருக்காகத்தான் நான் கத்துறேன்?" அவள் குரல் உடைந்தது.

கேமரா திறந்தது. செம்பனை மரங்களுக்கு நடுவே, உதிரிப்பழச் சாக்கோடு ரூபேனின் அம்மா நின்றிருந்தாள்.

"மன்னிச்சிருங்க டீச்சர். வீட்டுல ஒரே போன்தான். வேலைய மேற்பார்க்கிற மண்டோர் கூப்பிடுவார்னு வேலைக்குக் கொண்டாந்துடறேன். நீங்க நடத்துறத நானே கேட்டுட்டுப் போயி, சாயங்காலம் அவனுக்குச் சொல்லித்தர்றேன்."

தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏழாம் வாய்ப்பாடு இன்னும் மனப்பாடமாகல. நாளைக்குச் சொல்லட்டுமா டீச்சர்?"