பழகிய மருந்து

மணிவேல் எழுந்தான். பல் தேய்த்தான். டீ போட்டு நின்றபடியே குடித்தான். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு பன்றிக் கொட்டகைக்குப் போனான்.

பால்குடி மறந்த குட்டிகளுக்கெல்லாம் கழிச்சல். நேற்று ஒன்று செத்துப்போயிருந்தது.

இன்று எதுவும் சாகவில்லை.

தரையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சுண்ணாம்பு தூவினான். குண்டு பல்பைத் தாழ்த்திக் கட்டினான். ஒவ்வொரு குட்டியாய் மடியில் கிடத்தி, ஊசி கழற்றிய சிரிஞ்சால் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினான். ஒன்று அவன் விரலைக் கடித்தது. கடிக்கிற குட்டி பிழைத்துக்கொள்ளும்.

சித்தூரிலிருந்து ஜெகநாதன் பைக்கில் வந்து இறங்கினான். மனைவி தேவசேனாவின் அண்ணன். பண்ணையில் பாதி அவனுடையது.

“இந்தா மாப்ள, கொலிஸ்டின் மருந்து. இப்பல்லாம் பன்னிக்கு விக்கக்கூடாதாம். கடைக்காரன் பழைய டப்பா ஒண்ணு தேடிக் குடுத்தான். நீ சர்க்கரத் தண்ணியே குடுத்துக்கினு இருந்தா எல்லாம் பூடும்.”

“வேலைக்காவாது மச்சான். கழிச்சல எடுத்துக்கினு போய் திருப்பதி லேப்ல காட்டிட்டேன். இந்தக் கிருமி அதுக்குப் பழகிப்பூடுச்சாம்.”

“பெரிய டாக்டரு! என் தங்கச்சி தெனம் இத்தத்தான தீனியில கலந்து போட்டா? அப்ப ஒரு குட்டியாவது செத்துதா?”

“சாவல.”

மணிவேல் டப்பாவைத் திறக்காமல் பைக்கின் பையிலேயே திருப்பிப் போட்டான். அடுத்த குட்டியைத் தூக்கினான். இவை பிழைக்கும். அதில் அவனுக்குச் சந்தேகமில்லை.

தேவசேனா இறந்துபோனது திருப்பதி ஆஸ்பத்திரியில். வயிற்றுக் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். போட்ட மருந்து எதுவும் கேட்கவில்லை. இன்னும் ஒன்றுதான் மிச்சம் என்றார்கள். அதுவும் கேட்கவில்லை.

கடைசியாக என்ன சொன்னாள் என்று ஜெகநாதன் பலமுறை கேட்டிருக்கிறான். உன்னைத்தான் விசாரித்தாள் என்று மணிவேல் சொல்லி வைத்திருக்கிறான்.

நர்ஸ் அந்த மிச்ச மருந்தைக் குளுக்கோஸ் பாட்டிலில் ஏற்றும்போது, குப்பியின் மேலிருந்த பெயரை தேவசேனா வாய்விட்டுப் படித்தாள். முகம் தெளிந்தது. அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

“யோவ், இது நம்ப குட்டிங்களுக்குக் கலக்கறதுய்யா. அப்ப ரெண்டே நாள்ல எழுந்துக்குவேன்.”