ஆணி உதிர்ந்த குதிகால்

போன கார்த்திகையில் மலையேறிய கணவன் திரும்பவேயில்லை. ஒரு பாறைமேல் அவனுடைய பூட்ஸ் மட்டும் கிடைத்தது. இன்று மங்கை இரண்டு ஜோடி காலுறை போட்டு அதைத்தான் மாட்டியிருந்தாள். பனிக்கட்டியில் வழுக்காமலிருக்க அடியில் அறைந்திருந்த ஆணிகளில், இடது குதிகாலில் மட்டும் ஒன்று உதிர்ந்திருந்தது. கொழுந்தன் சேந்தன் தடியூன்றி அந்தப் பாறையை நோக்கி முன்னால் நடந்தான். விடியற்காலை பெய்த பனியில் அவர்கள்தான் முதல் ஆட்கள்.

வளைவு திரும்பியதும் சேந்தன் நின்றுவிட்டான். முன்னால் புதுப்பனியில் காலடித் தடங்கள் ஏறிப்போயின. இடது குதிகாலில் ஓர் ஆணிக்குழி குறைந்திருந்தது.

"சுத்தி வந்த எடத்துக்கே வந்துட்டோம் அண்ணி. இது உங்க தடம்தான்."

மங்கை குனிந்து பார்த்தாள். "அப்ப உங்க தடம் எங்க தம்பி?"

அவன் தடியை ஊன்றித் தடங்களின் பின்னே ஏறினான்.

தடங்கள் பூட்ஸ் கிடைத்த அந்தப் பாறைவரைதான் போயிருந்தன. அதற்கப்பால் பள்ளத்தை நோக்கி இறங்கியவை வெறுங்கால் தடங்கள். ஐந்து விரலும் பதிந்திருந்தன.

மங்கை பாறையில் உட்கார்ந்து பூட்ஸ் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். சேந்தன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான்.

"என்ன பண்றீங்க அண்ணி!"

"விடுங்க தம்பி. ஒரு வருசமா அவருக்குக் கால் குளிரும்ல."