சுவருக்குள் போகும் நீலக் கேபிள்

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், தேசத்தின் இணையப் பாதுகாப்பு அன்று காலை ஓய்வூதிய அலுவலகக் கண்காணிப்பாளர் செண்பகவல்லியின் தோளில் ஏறி உட்கார்ந்தது. அலுவலகத்தில் ஓடும் ஒவ்வொரு கேபிளும் எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும், தெரியாததைப் பிடுங்கிவிட வேண்டும் என்றது அரசு வழிகாட்டுதல். எல்லாம் தெரிந்துவிட்டது, சுவருக்குள் நுழைந்த ஒரு நீலக் கேபிளைத் தவிர. ஆயுத பூஜை தவறாமல் வைத்த சந்தனமும் குங்குமமும் அதன்மேல் பட்டை பட்டையாகக் காய்ந்திருந்தன.

"இது எங்க சார் போகுது?"

"யாருக்கு மேடம் தெரியும்? பொட்டு வெச்சுக் கும்பிடுறதோட சரி" என்றார் கிளார்க் தணிகாசலம். "பிடுங்கி, மாவட்டத்துக்கே பென்ஷன் நின்னுச்சுன்னா உங்க பென்ஷனும் கூடவே நிக்கும், பாத்துக்குங்க."

செண்பகவல்லிக்குப் பயம் இருந்தது. அதைவிட, அந்த முனையில் என்னதான் இருக்கிறது என்ற அரிப்பு பெரிதாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினாள். கணினிகள் அவை பாட்டுக்கு ஓடின. எங்கிருந்து புகார் வரும் என்று அலுவலகமே காத்திருந்தது.

பக்கத்து டீக்கடைக்காரர் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"மேடம், கடை டிவில மேட்ச் நின்னுபோச்சு. உங்ககிட்ட ஏதாச்சும் கழண்டுச்சா?"

மாவட்டத்தில் வேறு எதுவும் நிற்கவில்லை.