சுவருக்குள் ஒரு பலகை

"சுவரை முழுசாப் பிரிக்கணும்மா. வேற வழியே இல்ல."

குளியலறையில் ஷவருக்குக் கீழே சுவரைத் தட்டிப் பார்த்தபடியே சொன்னார் டைல்ஸ்காரர். தொழிலில் அவருக்கு 'ரசமட்டம்' என்று பட்டப்பெயர். அந்தக் கருவியை வைத்து நேர் பார்க்காமல் சோற்றில்கூடக் கை வைக்கமாட்டார் என்று கேலி செய்வார்கள்.

"ஒரு கைப்பிடி மாட்டறதுக்கு முழுச் சுவருமா?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"முப்பது வருஷத்துத் தடுப்புச் சுவரும்மா. டைல்ஸுக்குப் பின்னாடி அப்பல்லாம் மரச்சட்டத்துல ஜிப்சம் போர்டுதான் அடிப்பாங்க. ஊறி மாவாப் போயிருக்கும். ஐயா பாரம் போட்டுப் பிடிச்சா, கைப்பிடியோட சுவரும் கையில வந்துடும்."

இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஐயா பக்கத்து அறையில் படுத்திருந்தார். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்கவே முடியாது என்று எச்சரித்து அனுப்பியிருந்தார்கள்.

"கல்யாணமாகி மறு வருஷம், லீவு போட்டு அவரே செஞ்ச சுவர். பார்த்துப் பிரிங்க தம்பி." குப்பை அள்ளச் சாக்கு எடுத்துவர மாடிக்கு ஓடினார் அம்மா.

லீவு போட்டுச் செய்த சுவரா? விளங்கிடும்! மனதுக்குள் சிரித்துக்கொண்டு உளியை எடுத்தார் ரசமட்டம்.

முதல் டைல் அசைய மறுத்தது. அரைமணி நேரம் மல்லுக்கட்டி நாலைந்து டைல்களைப் பெயர்த்ததும், அவர் கை அப்படியே நின்றது.

ஜிப்சம் இல்லை, சிமெண்ட் போர்டு! இணைப்பில் வலைநாடா, அதற்கு மேல் தண்ணீர் இறங்காத பூச்சு. சாணுக்கு ஒரு திருகாணி. விரலால் தடவினார். சுக்காகக் காய்ந்திருந்தது.

இருபத்திரண்டு வருஷத் தொழிலில் இப்படி ஒரு சுவரை அவர் பிரித்ததில்லை.

இடுப்பு உயரத்தில் போர்டைச் சதுரமாக அறுத்து எடுத்தார். உள்ளே, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே குறுக்காகக் கனத்த பலகை ஒன்று. கைப்பிடியை வைத்துப் பார்த்தார். திருகாணி இறங்கவேண்டிய இடத்திலெல்லாம் மரம்! நூலளவும் பிசகவில்லை. யானை பிடித்துத் தொங்கினாலும் தாங்கும்.

"அம்மா! கைப்பிடிக்குன்னே உள்ள பலகை வெச்சிருக்காரே! அப்பவே ஐயாவுக்கு உடம்பு முடியலையா?"

"அவருக்கா? மூட்டையோட மூணு மாடி ஏறின மனுஷன்." சாக்கோடு வந்த அம்மா எட்டிப் பார்த்து மலைத்தார். "இப்படி ஒண்ணு உள்ள இருக்கறது எனக்கே தெரியாதே!"

சதுரத்தில் புது சிமெண்ட் போர்டைப் பொருத்தி, ஓரங்களில் நாடா ஒட்டிப் பூச்சும் கொடுத்தார் ரசமட்டம். அது காயட்டும் என்று விட்டுவிட்டு, கை கழுவி, பக்கத்து அறைக்குப் போனார். கட்டிலருகே நின்றபோது தானாகவே கைகள் குவிந்தன.

"ஐயா, உங்களுக்கு இப்படி ஆகும்னு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுது?"

ஐயா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்து, அம்மா தடதடவென்று மாடி ஏறும் சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குன்னு வெச்சதில்லப்பா. கல்யாணமான புதுசுல அவளுக்கு முதுகெலும்புல அடி. ரெண்டு வருஷத்துல நடை நின்னுடும்னு எல்லா டாக்டரும் கைவிரிச்சுட்டாங்க. கைப்பிடியை மாட்டினா அவ மனசு விட்டுடுவா. அதான், பலகையை மட்டும் வெச்சு மூடிட்டேன்."